அண்ணனுக்குப் பலூன் போட்ட கதை

ஞாயிறு இரவு பதினொரு மணி இருக்கும். ஐ.சி.யூ. கதவைத் திறந்துகொண்டு வந்த இளம் டொக்டர் ஒருவர், “பலூன் ஒன்று போடவேண்டும், கையெழுத்து வையுங்கள்” என்றார். எனக்குப் பெரிய பதற்றம் வரவில்லை. திருகோணமலையில் பலூன் அடித்த ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இதயத்தில் அடைத்த இரத்தக்குழாயில் பலூனை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்து சாரத்தோடு வாசலில் இருந்து பிளேன்டீ குடிப்பார்கள். அதுதான் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். இது அந்தப் பலூன் இல்லை, தளர்ந்த இதயத்துக்குத் துணையாகப் பெருநாடிக்குள் வைக்கிற வேறொரு பலூன் என்பது எனக்கு விளங்க அடுத்த நாள் காலையாகிவிட்டது.

யாராவது ஒருவருக்கு நடுச்சாமத்தில் இதே மாதிரிக் கையெழுத்து வைக்கவேண்டி வரலாம். அதனால்தான் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உப்புவெளிப் பக்கம் போட் என்ஜின், தண்ணீர் பம்ப் திருத்துகிறவன். எனக்கு விளங்கிய அளவில், டொக்டர்மாரிடமும் தாதி மிஸ்மாரிடமும் நச்சரித்துக் கேட்டதையும், பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பிழை. அண்ணனுக்கு 53 வயது, சீனி வருத்தம் பத்து வருடமாக. வியாழக்கிழமை விடிய நாலு மணிக்கு எழும்பி “மேல்வயிறு எரியுது, வாய்வு போல” என்றிருக்கிறார். அண்ணி இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுத்தார். பிறகு சோடா. பிறகு முதுகில் எண்ணெய் தடவினார்கள். ஆறரைக்குச் சட்டை தொப்பலாக நனைய வேர்த்தபோதுதான் எனக்குப் போன் வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு, அதிலும் ஒரு மணித்தியாலம் “கொஞ்சம் பாப்பம்” என்று கதைத்துக்கொண்டு நின்றேன், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான். கடைசியில் ஓட்டோவில் ஏற்றினோம். கோட்டைப் பக்கத்து ரோட்டில் மான்கள் படுத்திருந்தன, ஓட்டோக்காரத் தம்பி ஹோர்ன் அடித்தும் அவை ஆறுதலாகத்தான் எழும்பின. ஆஸ்பத்திரிக்குள் போகும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. நாலு மணித்தியாலம் போய்விட்டது.

1990 என்று ஒரு நம்பர் இருக்கிறது, சுவசெரிய அம்புலன்ஸ், ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். அதற்கு அடித்திருக்கவேண்டும். ஓட்டோவில் போகும் வழியில் இதயம் நின்றால் ஓட்டோக்காரரால் என்ன செய்யமுடியும்? சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சுநோ நெஞ்சில்தான் வரும் என்றில்லை, மேல்வயிறு, தாடை, முதுகு என்று எங்கேயும் காட்டலாம், சிலருக்கு நோவே இல்லாமல் வேர்வையும் களைப்பும் மட்டும் வரும். நாற்பது தாண்டிய ஆளுக்கு வேர்வையோடு மேல்வயிறு எரிந்தால் இஞ்சி இடிக்கப் போகாதீர்கள். முதலில் ஈ.சி.ஜி.

ஈ.சி.ஜி. எடுத்த உடனேயே இதயத்தின் அடிப்பக்கத்து மாரடைப்பு என்று சொல்லி, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் முகம் தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் இடியப்பம் கேட்டார். சனிக்கிழமை, இதயக் குழாய்களைப் படம் பிடிக்கிற அஞ்சியோகிராம் செய்யக் கொழும்புக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணைக்குக் கிட்ட ரோட்டில் யானை நின்றது என்று அம்புலன்ஸ் கொஞ்ச நேரம் லைற்றை அணைத்து நின்றதாம், அண்ணன் அதைப் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த அளவுக்கு நல்லாக இருந்தார். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை, தேவையும் இல்லை.

ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நோவும் இல்லாமல், திடீரென்று மூச்சு எடுக்க ஏலாமல் போனது. ஐந்து நிமிடத்துக்குள் வாயில் நுரை. நான் வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தேன், கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதுதான் கண்டேன். மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போய் நைந்திருக்கும், மூன்றாம் நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் அது அறுந்துபோகலாம் என்று பிறகு சொன்னார்கள். அண்ணனுக்கு அறுந்தது, இதயத்தின் இடது பக்கத்து இரண்டு அறைகளுக்கும் இடையில் இருக்கிற மைட்ரல் வால்வின் நூல்களைப் பிடித்துவைத்திருக்கும் குட்டித் தசை. அடிப்பக்கத்து மாரடைப்பில்தான் அது அதிகம் நடக்கிறதாம், அந்தப் பக்கத்துத் தசைக்கு வழமையாக ஒரே ஒரு குழாயில்தான் இரத்தம் வருகிறது.

இது எனக்கு உடனே விளங்கியது. பம்பில் இருக்கும் திரும்பாத வால்வு பொத்தாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: மோட்டர் ஓடும், சத்தம் போடும், தண்ணீர் மேலே போகாமல் வந்த பக்கமே திரும்பும். அண்ணனின் இதயம் அடிக்கிற இரத்தத்தில் பாதி முன்னுக்குப் போகாமல் பின்னுக்கு, நுரையீரல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த நுரை அதுதான். மருந்தால் திருத்துகிற வருத்தம் இல்லை, வால்வை மாற்றவேண்டும். ஆனால் அந்தக் கோலத்தில் ஒப்பரேஷன் மேசையில் ஏற்றினால் தாங்கமாட்டார். விடியும் வரைக்கும் ஆளைப் பிடித்துவைக்கத்தான் பலூன்.

சரி, அந்தப் பலூன் என்ன செய்கிறது?

வலது தொடை இடுக்கில் இருக்கும் நாடியால் ஒரு மெல்லிய குழாயை விட்டு, நெஞ்சுக்குள் இறங்கும் பெருநாடி வரை கொண்டுபோகிறார்கள். குழாயின் நுனியில் நீளமான பலூன், விரிந்தால் ஒரு பெரிய வெண்டிக்காய் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன், 40 மில்லிலீற்றர் அளவு காற்றுப் பிடிக்கும். ஆளின் உயரத்தைப் பார்த்துத்தான் பலூனின் அளவு. கால் பக்கத்தில் நிற்கிற மிசின் அதை ஊதி ஊதி இறக்கும். ஊதுகிற காற்று ஹீலியம், திருவிழாவில் பலூன் விற்கிறவரிடம் இருக்கிற அதே ஹீலியம்தான். மிகவும் லேசான காற்று என்பதால் அந்தச் சின்னக் குழாய்க்குள் கண் இமைக்கும் நேரத்தில் போய்த் திரும்பிவிடும்.

விஷயம் முழுவதும் டைமிங்கில்தான் இருக்கிறது. இதயம் சுருங்கி இரத்தத்தை அடித்து முடித்து, வெளிவாசல் வால்வு பொத்திய அந்தக் கணத்தில் பலூன் ஊதும். ஊதினால் பெருநாடியில் நிற்கிற இரத்தம் இரண்டு பக்கமும் தள்ளுப்படும், மேல்பக்கம் போவது இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குள்ளும் இறங்கும். இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தம் அடித்தாலும் தனக்கு வேண்டிய இரத்தத்தை, முக்கியமாக இடது பக்கம், தான் இளைப்பாறும் நேரத்தில்தான் கூட எடுத்துக்கொள்கிறது. அப்புறம் இதயம் அடுத்த தடவை அடிக்கப்போகும் தறுவாயில் பலூன் படாரென்று சுருங்கும். அந்த இடம் வெறுமையாவதால் இதயத்துக்கு முன்னால் எதிர்ப்புக் குறையும். கதவை நீங்கள் தள்ளுகிற நேரம் பார்த்து உள்ளே நிற்கிறவர் இழுத்துவிடுகிற மாதிரி. முன்னுக்குப் போவது சுகமானால் பின்னுக்குக் கசிகிறது தானாகக் குறையும், அண்ணனுக்கு உதவியது இந்த இரண்டாவது வேலைதான். எப்போது ஊதுவது, எப்போது இறக்குவது என்பதை மிசின் ஈ.சி.ஜி.யைப் பார்த்தோ நாடியின் பிரசர் அலையைப் பார்த்தோ பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 100 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,44,000 தடவை. டைமிங் கொஞ்சம் பிந்தினாலும் உதவிக்குப் பதிலாக உபத்திரவம். என்ஜின்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஒரு மிசினுக்கு வேண்டியதில்லை.

இதை முதன்முதலில் ஆளுக்குப் போட்டவர் ஏட்ரியன் கன்ட்ரோவிட்ஸ் என்ற சத்திரசிகிச்சை டொக்டர், 1967இல், நியூயோர்க் புரூக்ளினில். அப்போது நாடியை வெட்டித் திறந்துதான் விடவேண்டும், இப்போது ஊசித்துவாரத்தாலேயே விட்டுவிடுகிறார்கள். அண்ணனுக்கு அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. ஆனால் விடுவதற்கு முதல் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்தார்கள், இதயத்தின் வெளிவாசல் வால்வு, அதாவது பெருநாடி வால்வு, ஒழுகுகிறதா என்று. அது ஒழுகினால் இந்தப் பலூன் போடக்கூடாது. ஊதும்போது இரத்தம் முழுக்க இதயத்துக்குள்ளேயே திரும்பிவிடும்.

இந்தப் பலூன் தானாக இரத்தம் அடிக்கிற பம்ப் இல்லை. அதைத்தான் நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். சும்மா இருக்கிற ஆளின் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு அடிக்கிறது, இந்தப் பலூன் அதில் அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை கூட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இதயம் ஓரளவுக்காவது அடித்துக்கொண்டிருந்தால்தான் இதற்கு வேலை. இதைவிடப் பலமான சாதனங்கள் இருக்கின்றன: இம்பெல்லா என்பது இதயத்தின் அறைக்குள்ளேயே நுழைந்து இரத்தத்தை உறிஞ்சிப் பெருநாடியில் விடுகிற சின்னச் சுழல் பம்ப், எக்மோ என்பது இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்புவது. பலம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடும் மாரடைப்பால் பிரசர் விழுந்தவர்களில் தெரிவு செய்த ஒரு பகுதியினருக்கு இம்பெல்லா போட்டபோது 180 நாளில் இறந்தவர்கள் 45.8 வீதம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 58.5 வீதம். ஆனால் இரத்தப்போக்கும் காலுக்கு இரத்தம் தடைப்படுவதும் இம்பெல்லாப் பக்கம்தான் கூட.

என் மருமகன் இணையத்தில் தேடி இரவோடிரவாக ஒன்றை அனுப்பினான். ஜெர்மனியில் 2012இல் 600 பேரை வைத்துச் செய்த ஆய்வு, மாரடைப்பில் பிரசர் விழுந்தவர்களுக்குப் பலூன் போட்டால் 30 நாளில் இறந்தவர்கள் 39.7 வீதம், போடாவிட்டால் 41.3 வீதம், அதாவது வித்தியாசமே இல்லை. “மாமா, இது பிரயோசனம் இல்லாத சாமான், ஏன் போடவிட்டீங்கள்?” என்று கேட்டிருந்தான். எனக்குத் தலை சுற்றியது. காலையில் இருதய டொக்டரிடம் அதையே கேட்டேன், அவர் கோபிக்கவில்லை. மாரடைப்பில் பிரசர் விழுந்த எல்லாருக்கும் இதை வழக்கமாகப் போடுவதை அந்த ஆய்வுக்குப் பிறகு விட்டுவிட்டோம், ஆனால் உங்கள் அண்ணனுக்கு அறுந்த வால்வு, ஒப்பரேஷன் வரைக்கும் தாக்காட்டவேண்டும், அது வேறு கணக்கு என்றார். இணையத்தில் வாசிக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாசியுங்கள், வாசித்ததை டொக்டரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள்.

திங்கள் காலை ஒப்பரேஷன். வால்வை மாற்றி, இடது காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயால் ஒரு பைபாஸும் போட்டார்கள். ஏழு மணித்தியாலம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, வெளியே இருந்தேன், அண்ணி பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார், நான் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்களம் தெரிந்த ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வந்துபோன பழக்கத்தில் ஓரளவு வரும். அண்ணி தனியாக நின்றிருந்தால் பாதி விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்திராது. கிளினிக் கொப்பி, குளிசைத் துண்டுகள், முதல் நாள் ஈ.சி.ஜி. எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் என் கையில்தான் இருந்தது, மூன்று தடவை அதைக் கேட்டார்கள்.

ஒப்பரேஷன் முடிந்தும் பலூனை எடுக்கவில்லை. களைத்த இதயம் கொஞ்சம் தெளியட்டும் என்று ஓடவிட்டார்கள். இனித்தான் நாங்கள் மிசினைப் பார்த்து ஏமாந்த கதை.

ஐ.சி.யூ.வில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், காலையும் பின்னேரமும். உள்ளே போனால் கண் நேராக மிசினுக்குத்தான் போகும். பச்சையும் சிவப்புமாகக் கோடுகள், ஒரு துடிப்புக்கு இரண்டு மேடு. முதலாவது மேடு இதயம் அடிப்பது, இரண்டாவது பலூன் ஊதுவது. திரையில் பெரிய எழுத்தில் 118 என்று போட்டிருந்தது. நான் வெளியே வந்து ஊருக்கெல்லாம் போன் அடித்து “பிரசர் 118, நோர்மல்” என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பாற்சோறு கூடக் காய்ச்சினார்களாம். அடுத்த நாள் ஒரு மிஸ் சொன்னார், 118 பலூன் எழுப்புகிற மேடு, அண்ணனின் இதயம் தானாக எழுப்புவது பக்கத்தில் சின்னதாக இருக்கிற 86. அந்தச் சின்ன நம்பர்தான் அண்ணன். அதை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: “இதில் எந்த நம்பர் இவருடைய சொந்த நம்பர்?”

அலாரத்துக்கும் பயப்படவேண்டாம், அலட்சியமாகவும் இருக்கவேண்டாம். ஈ.சி.ஜி. வயர் கழன்றாலும் அடிக்கும், ஹீலியம் சிலிண்டர் குறைந்தாலும் அடிக்கும், குழாய் மடிந்தாலும் அடிக்கும். ஆனால் பலூன் அசையாமல் நின்றால் அதில் இரத்தம் உறையத் தொடங்கும், அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படி விடமுடியாது என்றார்கள். அந்தக் காற்றுக் குழாய்க்குள் இரத்தமோ மண்ணிறத் துகளோ தெரிந்தால் பலூன் வெடித்திருக்கிறது என்று அர்த்தம், சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். இன்னொன்று, சிரிக்காதீர்கள், போன் சார்ஜ் போட பிளக் தேடி நான் கையை வைக்கப்போனது அந்த மிசினின் பிளக்கில்தான். பற்றரி இருக்கிறது, உடனே நிற்காது, ஆனால் அந்த மிஸ் பார்த்த பார்வையை இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன்.

புதன்கிழமை. செவ்வாய்க்கிழமையே மூச்சுக்காக வாயால் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள், அண்ணன் கதைக்கிறார், குரல் தவளை மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஊதிக்கொண்டிருந்த பலூனை இரண்டு துடிப்புக்கு ஒன்று என்று குறைத்திருந்தார்கள். அப்படிக் குறைத்துக் குறைத்து, இதயம் தானாகச் சமாளிக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். நான் காலையில் உள்ளே போனேன்.

“தம்பி, முதுகு முறியுது. ஒருக்கா நிமித்தி விடு.”

பாவமாக இருந்தது. மூன்று நாளாக ஒரே படுக்கை. தோளுக்குக் கீழ் கையைக் கொடுத்துத் தூக்கினேன், அவரும் வலது காலை மடக்கி உன்னினார், உடனே மிசின் கத்தத் தொடங்கியது. மிஸ் ஓடிவந்து ஒரு கையால் அவருடைய முழங்காலை அமத்தினார், மறு கையால் என்னைத் தள்ளினார். குழாய் போயிருக்கிற காலை மடக்கவே கூடாது, தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்தவும் கூடாது. இடுப்பு மடிந்தால் குழாய் மடியும், பலூன் இடமும் மாறலாம். மேலே நகர்ந்தால் இடது கைக்குப் போகும் நாடியை மறைக்கும், கீழே இறங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் நாடிகளை மறைக்கும். அவர்கள் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பதும் சிறுநீர்ப் பையை அளப்பதும் அதற்குத்தானாம். நான் அதுவரை அதைச் சும்மா சடங்கு என்றல்லவா நினைத்திருந்தேன்!

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, என்ன செய்வது என்று தெரியாமல், கட்டில் நுனியில் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். கை அண்ணனின் பாதத்தில் பட்டது. இடது பாதம் சூடு. வலது பாதம் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. விரல்கள் மெழுகு நிறம். பெருவிரல் நகத்தை அமத்திப் பார்த்தேன், இடது பக்கம் உடனே சிவந்தது, வலது பக்கம் சிவக்க எண்ணி ஐந்து செக்கன் ஆனது.

“மிஸ், இந்தக் கால் குளிருது.”

அவர் என்னை இன்னொரு தடவை தள்ளவில்லை. இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கிற சின்ன டொப்ளர் கருவியைக் கொண்டுவந்து பாதத்தில் வைத்தார். இடது பக்கம் உசு உசு என்று தெளிவாகக் கேட்டது. வலது பக்கம் நீண்ட நேரம் தேடித்தான் மெல்லியதாக ஒன்று கிடைத்தது. விடியக்காலை பார்த்தபோது நன்றாக இருந்ததாகப் பதிவில் இருந்தது, இடையில்தான் குறைந்திருக்கிறது. தொடை நாடிக்குள் குழாய் கிடப்பதால் கீழே போகிற இரத்தத்துக்கு இடம் குறைவு, சீனி வருத்தக்காரரின் நாடி ஏற்கனவே ஒடுங்கியும் இருக்கும். பலூனில் பொதுவாக வரும் பெரிய சிக்கல் இதுதான், கவனிக்காமல் விட்டால் கால் போகும். டொக்டர்மார் வந்து பார்த்து, இதயம் சமாளிக்கிறது, இனி வைத்திருப்பதில் லாபத்தைவிட நட்டம் கூட என்று முடிவெடுத்து, மூன்றுக்கு ஒன்றாகக் குறைத்து, அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தை ஒரு டொக்டர் இரண்டு கையாலும் அரை மணித்தியாலம் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை வடிந்தது. அதற்குப் பிறகும் இரவு முழுக்கக் காலை அசைக்காமல் படுக்கவேண்டும். அந்த நேரத்தில் தொடை வீங்கினாலும், இடுப்பிலோ முதுகிலோ புது நோவு வந்தாலும் சொல்லவேண்டும், உள்ளுக்குள் இரத்தம் கசிவது வெளியே தெரியாது.

இரவு ஒன்பது மணிக்கு அந்த மிஸ் கதவைத் திறந்து, என்னைக் கூப்பிட்டு, உள்ளே விடாமல் வாசலிலேயே வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: கால் சூடாகிவிட்டது.

ஆகவே உங்களுக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் மிசினை இரண்டு நிமிடம் பாருங்கள். மிச்சத்தை ஆளுக்குக் கொடுங்கள். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தொட்டுப் பாருங்கள், தனித்தனியாகத் தொட்டால் வித்தியாசம் தெரியாது. மிஸ்மார் பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அவருடைய கால் வழமையில் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். விரல் மரத்திருக்கிறதா, பெருவிரலை ஆட்டமுடிகிறதா என்று கேளுங்கள். கதைக்கமுடியாதவர் என்றால் கண்ணைப் பாருங்கள். மயக்கமும் குழப்பமும் வரும், அண்ணன் ஓர் இரவு முழுக்கத் தான் கிண்ணியா பாலத்துக்குக் கீழே போட்டில் இருப்பதாகவே நினைத்துக் கதைத்தாராம். அதற்கு எதிர்வாதம் பண்ணாமல், இன்றைக்கு என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள்.

காசு பற்றி: அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் கொழும்பில் தங்குவதும் சாப்பிடுவதும் இலவசம் இல்லை. நாங்கள் மூன்று பேராகப் போய் நின்றது பிழை, ஒருவர் நின்று மற்றவர் மாறி வந்திருந்தால் காணும். இதய ஒப்பரேஷனுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நாங்கள் அதை முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டோம்.

இப்போது ஒன்றரை வருடம். அண்ணனுக்குப் போட்டது உலோக வால்வு, ஆகவே வாழ்நாள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கிற வாஃபரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு இரத்தப் பரிசோதனை, அவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கவேண்டும். கீரையை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு கிழமை முழுக்க வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும், அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்றால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். நோக்குளிசை, நாட்டுமருந்து எதையும் கேட்காமல் தொடுவதில்லை. பல் பிடுங்க முதல் வால்வு இருக்கிறதைச் சொல்லவேண்டும். காலையில் எழும்பிச் சலம் கழித்துவிட்டு நிறை பார்க்கிறார், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது, உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கருவாடுதான் பெரிய சண்டை. திருகோணமலையில் பிறந்தவனிடம் கருவாடு தின்னாதே என்று எப்படிச் சொல்வது? அண்ணி ஒளித்துவைக்கிறார், அவர் கண்டுபிடிக்கிறார்.

வலது காலில் நீண்ட தூரம் நடந்தால் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது. தொடையில் குழாய் விட்ட இடம் மிளகளவு தழும்பு.

பின்னேரங்களில் என் பட்டறைக்கு வந்து கதிரையில் இருப்பார். போன கிழமை நான் ஒரு நாலு ஸ்ட்ரோக் என்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்குரூட்ரைவரின் நுனியை அதன் தலையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து வால்வுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். என்ஜினை நிறுத்தியதும் பட்டறை அமைதியானது, கடற்பக்கம் காற்றும் இல்லை. அப்போது அண்ணனிடமிருந்து அந்த டிக் டிக் கேட்டது, கைக்கடிகாரம் மாதிரி, மூன்றடி தள்ளி நின்ற எனக்கே. அவருக்கும் நான் கேட்பது தெரிந்துவிட்டது. கதிரையை விட்டு எழும்பி, என் கையிலிருந்த ஸ்குரூட்ரைவரைப் பிடுங்கி, பிடியை என் காதில் வைத்துவிட்டு நுனியைத் தன் நெஞ்சில் சட்டைக்கு மேலே மெல்ல வைத்தார்.

“டைமிங் சரியோ பார்” என்றார்.